கதவுப் பிள்ளையார்

காலை வைத்துத் தள்ளிய பிறகுதான் அன்புசெல்வி பார்த்தாள். கல்லின் மேல் மூன்று கோடு விபூதி. நடுவில் குங்குமம்.

காலை இழுத்துக்கொண்டாள். தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, காதுகளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். மூன்றாவதில் எழுந்தபோது எதிரே ரங்காத்தாள் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். அந்த மாடியைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

“நல்லாப் போடு கண்ணு. எனக்கும் சேத்திப் போடு. முட்டி மடங்க மாட்டீங்குது.”

“இதுக்கு ஆருங்க்கா விபூதி பூசுனது?”

“ஆரு கண்டா. காத்தால வந்து பாத்தா இப்படி உக்காந்திருக்கறாரு.”

நேற்று வரை அது வெறும் கல். ரங்காத்தாள் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, விளக்குமாற்றைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கல் ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தது. கனமான இரும்புக் கதவு. இரண்டாம் மாடியில் துணிக் கிடங்கும் கட்டிங்கும் ஒரு பக்கம், தையல் மறுபக்கம், நடுவில் சுவர், சுவரில் இந்தக் கதவு. கிடங்கில் தீப்பிடித்தால் தீயையும் புகையையும் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கும். அதற்குள் எல்லோரும் படியிறங்கிப் போய்விடலாம். கதவு மூடியிருந்தால்.

மூடி வைப்பது அன்புசெல்வியின் வேலை. பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வைக்கிற அந்த வேலைக்குக் காம்ப்ளையன்ஸ் என்று பெயர். வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. அம்மா, “மக கம்பெனில கதவு சாத்தறா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது தவறும் இல்லை.

அவள் ஊர் அவிநாசிபாளையத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு கம்பெனி வேனில் ஏறினாள். பிசிறு வெட்டினாள். செக்கிங் மேசைக்கு வந்தாள். அங்கே நின்றபடியே தபால் வழியில் பி.காம். படித்தாள். முன்பு காம்ப்ளையன்ஸ் பார்த்தவர் ஒரு ஆடிட்டின் நடுவில் டீ குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை. சோதனைக்கு வந்திருந்த அதிகாரி, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவீர்கள் என்று கேட்டார். சூப்பர்வைசர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்புசெல்வி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கையை நீட்டி வழியைக் காட்டினாள். அடுத்த வாரம் முதலாளி தனபால் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். நின்றே பழகியவள் அதில் அதிகம் உட்காரவில்லை. நடந்தாள். நடந்து கதவுகளை மூடினாள்.

வேலை உடம்பில் இறங்கிவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டாள். பந்தியில் ரசம் வெகு நேரம் வரவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால் மகள் வர்ஷினி “ஆடிட்! ஆடிட்!” என்று கத்திக்கொண்டு எல்லாக் கதவையும் சாத்துவாள். ஒருமுறை குளியலறைக் கதவை அப்பாவை உள்ளே வைத்து வெளியே தாழ் போட்டாள்.

கம்பெனியில் அவளுக்கு எதிரி ஒருவர்தான். கன்னையன். கட்டிங்கில் வெட்டிய துணிக் கட்டுகளை டிராலியில் ஏற்றித் தையலுக்குத் தள்ளுகிறவர். நாள் முழுக்க அந்தக் கதவு வழியாகத்தான் போக்குவரத்து. இரண்டு கையும் டிராலியில் இருக்கும். முதுகால் கதவைத் தள்ளி இந்தப் பக்கம் வருவார். கதவு பின்னாலேயே வந்து குதிகாலில் அடிக்கும். அதனால் முட்டுக் கொடுத்தார். முதலில் நூல் கோன். அன்புசெல்வி எடுத்தாள். ஹாலோபிளாக் கல் வைத்தார். எடுத்தாள். கைப்பிடியை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினார். வெட்டினாள். கதவின் உச்சியில், தானாக மூட வைக்கிற க்ளோசர் என்ற கருவியின் கையை ஒருநாள் கழற்றி வைத்தார். திரும்ப மாட்டச் சொன்னாள். இத்தனைக்கும் இருவரும் பார்க்கும் நேரமெல்லாம் சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு இந்தக் கல் வந்தது. கன்னையனின் மருமகனுக்குத் திருமுருகன்பூண்டியில் சிற்பக்கூடத்தில் வேலை. பிள்ளையாருக்காக எடுத்த கல். வயிறும் துதிக்கை தொடங்கும் இடமும் உருவான பிறகு நடுவில் வெள்ளை ரேகை ஓடுவது தெரிந்தது. ஒதுக்கிப் போட்டுவிட்டார்கள். கன்னையன் கேட்டு வாங்கி, லிஃப்டில் ஏற்றி, கதவுக்கு முட்டுக் கொடுத்தார். ஒரு ஆள் தூக்க முடியாது. அன்புசெல்வி காலால் நெம்பி ஒரு சாண் தள்ளுவாள். கதவு மூடும். அவள் கீழே போனதும் கல் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இப்போது நெம்பவும் முடியாது.

விபூதிக்குப் பிறகு சந்தனம் வந்தது. அப்புறம் அருகம்புல். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் போகிற போக்கில் தொட்டுக் கும்பிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேண்டிக்கொண்டாள். அவள் அண்ணனுக்கு வெளிநாட்டு விசா வந்தது. தையல்காரப் பெண்கள் கதவுப் பிள்ளையார் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெரிய சரக்கு கிளம்பும் முன்னால் தனபாலே மேலே வந்து கும்பிட்டுப் போனார். சரக்கில் ஒரு பீஸ் கூடத் திரும்பி வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் மனைவி அனுப்பர்பாளையத்தில் சொல்லிச் செய்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை அனுப்பி வைத்தாள். தீயைத் தடுக்கும் கதவின் காலடியில் ஐந்து திரி எரிந்தது. அன்புசெல்விக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ராஜ்கமல் வந்தார். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் சார்பாகக் கட்டடங்களைப் பார்வையிடுகிறவர். சென்னைக்காரர். கையில் டார்ச். எதையும் சத்தமாகச் சொல்லமாட்டார். கதவின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

“இங்க ஒரு கறுப்புப் பட்டை இருக்கணும் மேடம். சூடு பட்டா உப்பி இடுக்கை அடைச்சுக்கும். அது மேல பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்காங்க.”

“ஆயுத பூஜைக்கு அடிச்சதுங்க.”

“அழகா இருக்கு. ஆனா உப்பாது.” ஏணி கேட்டு ஏறினார். கதவுக்கு மேலே ஒயர்கள் சுவரைக் கடந்து போகும் ஓட்டையில் டார்ச்சை அடித்தார். “இதுல என்ன வச்சு அடைச்சிருக்கீங்க?”

“பனியன் வேஸ்ட்டுங்க.”

“பஞ்சுத் துணி.”

“ஆமாங்க.”

டார்ச்சை அணைத்தார். இறங்கி வந்தார். கல்லைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷூவை மாட்டிக்கொண்டு கல்லைப் போட்டோ எடுத்தார்.

“அடுத்த வியாழக்கிழமை திரும்ப வருவேன் மேடம். கதவைத் திறந்து கையை விட்டா அது தானா மூடணும். சுத்தி ஓட்டை இருக்கக்கூடாது. இல்லன்னா சரக்கு வாங்குற லிஸ்ட்ல இருந்து இந்த யூனிட்டை அவங்க எடுத்துடுவாங்க. அது என் கையில இல்ல.”

அவர் போனதும் அன்புசெல்வி தனபாலிடம் போனாள்.

“சார், பிள்ளையாரை நகத்தோணுங்க.”

“நகத்து அம்மிணி. நான் வேண்டாம்னா சொன்னேன்?”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆளுக கேப்பாங்க.”

“என்னையச் சேக்காத. வெளக்குக் குடுத்தது என்ற ஊட்டுக்காரி. நான் நகத்தச் சொன்னேன்னு தெரிஞ்சா இட்லிக்குச் சட்னி வராது.” சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தார். “ஆனா வியாழக்கெழமை கதவு மூடோணும். மூடலைன்னா கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆளைப் போடச் சொல்லி பார்ட்னர் ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீ மறுக்காச் செக்கிங் மேசைக்குத்தான் போகோணும். எனக்கும் வேற வழியில்லீம்மா.”

தையல் லைனில் கேட்டுப் பார்த்தாள். பெண்கள் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏக்கா, கதவு மூடாட்டி உனக்கு வேலை போகும். சாமியை எடுத்தா எங்களுக்கு என்ன போகும்னு ஆருக்குத் தெரியும்?” என்றாள் ஒருத்தி. நியாயமாகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னாள். கணவன் மோகன்ராஜ் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். எந்த விஷயத்துக்கும் வண்டியை நிறுத்தி யோசிக்கிறவன் இல்லை.

“இதுக்கா மண்டையை ஒடைக்கற? பூக் கேட்டுப் பாரு.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்து, வெளியே தெரியாதபடி கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்து, வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. அன்புசெல்வியையும் மோகன்ராஜையும் அப்படித்தான் சேர்த்து வைத்தார்கள். இரண்டு வீட்டிலும் இழுபறியாக இருந்த சம்பந்தம், ஒரு வெள்ளைப் பூ வந்ததும் அரை மணி நேரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றி முடிந்தது.

“செவப்பு வந்துட்டா?”

“செக்கிங் மேசை. நின்னுட்டே வேலை. ஒடம்புக்கு நல்லதாமா.”

தலையணையை எடுத்து வீசினாள். ஆனால் வேறு யோசனை அவளுக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கன்னையனைத் தேடிப் போனாள். டிராலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“கன்னையண்ணா, கல்லைக் கொண்டாந்தது நீங்க. விபூதி பூசுனது ஆருங்க?”

அவர் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினார்.

“மூணு கோடு மட்டும் நான் போட்டனுங்க அம்மிணி. நீங்க ஒதைக்காம இருப்பீங்களேன்னு. குங்குமம் கூட நான் வெக்கலீங்க. பொறவு பாத்தா அருகம்புல்லு வருது, குத்துவெளக்கு வருது. இப்ப எனக்கே பயமாப் போச்சு. டிராலியை ஒதுக்கி ஓட்டறனுங்க.”

அன்புசெல்விக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. பூக் கேட்கப் போவதைச் சொன்னாள். சிவப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். கன்னையன் எழுந்து நின்று குதிகாலைத் தூக்கிக் காட்டினார். கறுத்துக் காய்ப்பேறியிருந்தது.

“பொட்டலம் நான் கட்டித் தாரனுங்க. சாமி போனாப் போகுட்டும். ஆனா இந்தக் கதவு வெடுக்குனு வந்து என்னைய அடிக்கப்படாது. அதுக்கு நீங்க வழி பண்ணோணும்.”

“பண்ணறனுங்கண்ணா.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடி முழுக்கக் கதவுக்கு முன்னால் கூடியது. கன்னையன் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்தார். வாழையிலையில் மடித்து வெள்ளை நூலால் கட்டியிருந்தது.

“சின்னக் கொழந்தைதான் எடுக்கோணும். அதுதான் மொறை” என்றாள் ரங்காத்தாள்.

“கம்பெனிக்குள்ள கொழந்தையாங்க்கா? அதுக்குன்னு தனியா ஒரு ஆடிட் இருக்குதுங்க” என்றாள் அன்புசெல்வி. 

கடைசியில் ரங்காத்தாளே எடுப்பது என்று ஆயிற்று. கன்னையன் பொட்டலங்களைக் கையில் குலுக்கிக் கல்லின் முன்னால் போட்டார். ரங்காத்தாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கை ஒன்றின் மேல் போனது. திரும்பி மற்றதற்குப் போனது. மறுபடியும் முதலாவதற்கு வந்தது. அன்புசெல்வி செக்கிங் மேசைப் பக்கம் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் இப்போது வேறொரு பெண் நின்று டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். நல்ல வெளிச்சமான இடம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள் ரங்காத்தாள். நந்தியாவட்டை. வெள்ளை.

மாடியே குலவையிட்டது. தனபால் கீழிருந்து ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே கும்பிட்டார். நான்கு பேர் கல்லைத் தூக்கி டிராலியில் வைத்தார்கள். யாரோ மீந்த லேஸ் நாடாவை மாலையாகப் போட்டார்கள். கன்னையன் தள்ள, பிள்ளையார் கட்டிங் வழியாக, லிஃப்ட் வழியாக, வாசல் வரை ஊர்வலம் போனார். தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பம்ப் ரூம் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

அன்புசெல்வி மட்டும் மேலேயே நின்றாள். கதவு மூடுவதைப் பார்க்க வேண்டும்.

கதவு மூடவில்லை.

பாதி வழி வந்து, தரையில் உரசி, நின்றுவிட்டது. பல மாதம் திறந்தே நின்றதில் ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது. கீல் ஆணிகளில் இரண்டைக் காணோம். க்ளோசரில் எண்ணெய் ஒழுகி வற்றியிருந்தது. இத்தனை நாள் கதவைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தப் பிள்ளையார்தான்.

ஒரு நிமிடம் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போன் செய்தாள். கதவு விற்ற கம்பெனியிலிருந்து மறுநாள் ஆள் வந்து புதுக் கீல் மாட்டினார். பச்சை பூசிய பட்டையை உரித்துப் புதுப் பட்டை ஒட்டினார். புது க்ளோசர் போட்டார். அன்று சாயங்காலம் ஓட்டையை அடைத்திருந்த பனியன் வேஸ்டை அன்புசெல்வி ஏணியில் ஏறி உருவினாள்.

இந்த ஊரில் எந்த ஓட்டைக்கும் அதுதான். எலி வந்தால், மழை ஒழுகினால், கட்டில் ஆடினால் பனியன் வேஸ்ட். பிடித்து இழுத்தாள். ஆரஞ்சு வந்தது. முடிவில்லாமல் வந்தது. பின்னால் நீலக் கோடு. அதற்குப் பின்னால் பூப்போட்ட மஞ்சள். கீழே பெண்கள் கூடிவிட்டார்கள்.

“ஏ, இது அந்தப் புள்ளைக நைட் பேன்ட்டு! எலாஸ்டிக் நிக்காம உசுரை வாங்குச்சே!”

“இந்த நீலத்துக்குத்தான் ஒரு மாசம் ஞாயித்துக்கெழமையே இல்லாமப் பண்ணுனாங்க.”

கடைசியாக ஒரு சாம்பல் நிறத் துண்டு வந்தது. அன்புசெல்வி முதன்முதலில் பிசிறு வெட்டிய ஆர்டரின் துணி. தீப்பிடித்தால் இது ஒரு விளக்குத் திரி. சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கீழே அனுப்பினாள். ஓட்டையில் தீ தாங்குகிற பூச்சை மறுநாள் அடைத்தார்கள்.

பிறகு கன்னையனின் பங்கு. க்ளோசரில் கதவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. கீல் மாட்டியவர் காட்டிக் கொடுத்திருந்தார். அன்புசெல்வி ஏணியில் நின்று அதைத் திருகினாள். கன்னையன் டிராலியோடு கதவு வழியாக வந்தார்.

“அடிக்குதுங்களா?”

“அடிக்குதுங்க.”

திருகினாள். திரும்பப் போய் வந்தார்.

“இப்ப?”

“தடவுதுங்க.”

இன்னும் கொஞ்சம். அவர் வந்தார். கதவு அவருக்குப் பின்னால் சாவகாசமாக வந்து, அவர் விலகிய பிறகு, ‘டக்’ என்று பூட்டில் விழுந்தது. கன்னையன் திரும்பிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை மாதிரி வருது” என்றார்.

வியாழக்கிழமை ராஜ்கமல் வந்தார். கதவைத் திறந்து கையை விட்டார். மூடியது. பாதி திறந்து விட்டார். மூடியது. ஒரு விரல் அகலம் திறந்து விட்டார். கதவு யோசித்தது போல இருந்தது. மூடியது. ஏணியில் ஏறினார், விளிம்பைத் தடவினார், இறங்கினார்.

“சரியா இருக்கு மேடம்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சாமி எங்க?”

கீழே கூட்டிப் போனாள். ஷூவைக் கழற்றிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துப் பக்கத்தில் இருந்த பம்ப் ரூம் கதவைத் திறந்து பார்த்தார். அது பாதி திறந்து பிள்ளையாரின் வயிற்றில் இடித்து நின்றது.

“மேடம்.”

“நாளைக்கே ஒரு அடி தள்ளி வெச்சரோமுங்க.”

“தீன்னு வந்தா இங்கதான் முதல்ல ஓடி வரணும்.” சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

பின்னால் நின்றிருந்த கன்னையன் மடியிலிருந்து எதையோ எடுத்தார். வாழையிலைப் பொட்டலம். அன்று எடுக்காமல் விட்டது.

“இதுக்கும் பூக் கேக்கோணுமுங்களா அம்மிணி? ஒண்ணு மிச்சம் இருக்குது.”

வாங்கிப் பிரித்தாள். வாடிப் பழுத்த நந்தியாவட்டை. இதுவும் வெள்ளை.

“கன்னையண்ணா! செவப்பு எங்கீங்க?”

“அன்னைக்குச் செவப்புப் பூ கெடைக்கலீங்க” என்றார் கன்னையன். அவருக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் நீளத்துக்கும் செவ்வரளி பூத்துக் கிடந்தது.

அன்று வீட்டில் சோறு போடும்போது மோகன்ராஜிடம் கேட்டாள்.

“நம்ம கல்யாணத்துக்குப் பூக் கேட்டப்ப பொட்டலம் கட்டுனது ஆரு?”

“என்ற மாமன்.”

“இன்னொண்ணைப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். முதல்முறையாக ஒரு விஷயத்தை யோசித்தான்.

“கொழம்பு ஊத்து” என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான்கு பேர் பிள்ளையாரை ஒரு அடி தள்ளி வைத்தார்கள். பூக் கேட்கவில்லை. பம்ப் ரூம் கதவு முழுதாகத் திறந்தது. யூனிட் தொடரலாம் என்று ராஜ்கமலின் ஆபீசிலிருந்து மெயில் வந்தது. குத்துவிளக்கைக் கீழே கொண்டுவரலாமா என்று தனபால் கேட்டார். டீசல் பம்ப் பக்கத்தில் விளக்கு வேண்டாம் என்று அன்புசெல்வி சொன்னாள். சரி என்றார். மதியம் கேன்டீனில் தக்காளிச் சாதம். இரண்டாம் மாடிக் கதவு மூடியிருந்தது. மூன்றாம் மாடிக் கதவில் ஒரு நூல் கோன் இருந்தது. எடுத்தாள்.